பட்டியலில் எங்கள் நம்பர்

அக்டோபர் 14, திங்கள்
காலையில் குளியலறையைக் கழுவப் போனால் கழிப்பறைத் தொட்டியில் ரத்தம். என் புருஷன் எஸ்டில் சமையலறையில் உட்கார்ந்து முட்டை தின்றுகொண்டிருக்கிறான். கேட்டால், "பீட்ரூட் தின்னேன்" என்கிறான். இந்த வீட்டில் பீட்ரூட் வாங்கி ஒரு வருஷம் இருக்கும். எத்தனை நாளாடா என்று கத்தினேன். "ரெண்டு வாரம் இருக்கும் வெல்டா. மான் வேட்டை சீசன் முடியட்டும், அப்புறம் சொல்லலாம்னு பார்த்தேன்."

அக்டோபர் 15
அவசரப் பிரிவில் ஆறு மணி நேரம். நர்ஸ் மாத்திரையைக் கொடுத்து, "உடனே மூத்திரப்பை பார்க்கிற யூராலஜி டாக்டர் ஒருத்தரைப் பாருங்க, தள்ளிப் போடாதீங்க" என்றாள். சொன்ன முகம் சரியில்லை. எஸ்டில் வேலை பார்த்த சுரங்கம் மூடியதிலிருந்து எங்களுக்கு அரசு காப்பீட்டு அட்டைதான். அதை ஏற்கும் யூராலஜி டாக்டர்கள் பட்டியல் அரசின் வலைத்தளத்திலேயே இருக்கிறது. ஏழு பேர். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே 'புதிய நோயாளிகள் ஏற்கப்படுவர்'. பல் டாக்டர் வரவேற்பில் ஒன்பது வருஷமாகப் போனோடு உட்கார்ந்திருப்பவள் நான். ஒரு மத்தியானத்தில் முடித்துவிடுவேன்.

அக்டோபர் 17
முதல் டாக்டர் செத்து மூன்று வருஷம். இரண்டாவது நம்பர் மாட்டுத்தீவனக் கடை. "வாரத்துக்கு ரெண்டு பேராவது கூப்பிடுறாங்கம்மா. ஒண்ணுக்குப் போக முடியலன்னு அழுறாங்க. நான் என்ன பண்ணட்டும்?" என்றார் கடைக்காரர். மூன்றாமவர் ஃப்ளோரிடாவுக்குப் போய்விட்டார். நான்காமவர் குழந்தைகளுக்கு மட்டும்.

அக்டோபர் 18
ஐந்தாவது இடத்திலும் ஆறாவது இடத்திலும் அட்டையின் பெயரைச் சொன்னதுமே குரல் மாறியது. "அந்த அட்டையா? இப்போதைக்குப் புதுசா யாரையும் எடுக்கலைங்க." டொக். ஏழாவது மூன்று மணி நேரப் பயணம், பதினோரு வாரம் கழித்துத்தான் தேதி.
அந்த 'எடுக்கலைங்க' பல் டாக்டர் வரவேற்பில் தினமும் நான் சொல்கிற வாக்கியம். அப்படியே, அந்த 'ங்க' உட்பட.

அக்டோபர் 21
கோபம் அடங்கவில்லை. யார் இந்தப் பொய்ப் பட்டியலைப் போட்டது? சாப்பாட்டு நேரத்தில் பல் டாக்டர்கள் பக்கத்தையும் திறந்தேன். எங்கள் டாக்டர் கட்லிப் பெயர். எதிரே 'புதிய நோயாளிகள் ஏற்கப்படுவர்'. கீழே என் மேஜை நம்பர்.
அந்தப் பட்டியலுக்கான படிவம் ஜனவரிதோறும் வரும். பழைய நோயாளிகள் பத்துப் பேர் அந்த அட்டையில் இருப்பதால் டாக்டர் பட்டியலை விட்டு விலக மாட்டார். "எப்பவும் போல போட்டுடு" என்பார். ஒன்பது வருஷமும் 'ஏற்கப்படுவர்' கட்டத்தில் டிக் போட்டவள் நானேதான். இந்த அட்டைக்காரர்கள் எல்லாம் ஏன் நம்மையே கூப்பிடுகிறார்கள், படிக்கத் தெரியாதா என்று வேறு சிரித்திருக்கிறேன். சீ.

அக்டோபர் 22
இன்று ரத்தம் கட்டி கட்டியாக.

அக்டோபர் 24
ஆறாவது இடத்துக்கு மறுபடி கூப்பிட்டேன். மானம் மரியாதை பார்க்காமல் கெஞ்சினேன். அந்தப் பெண் முழுக்கக் கேட்டுக்கொண்டாள். பிறகு, "நீ கட்லிப் ஆபீஸ்ல இருக்கவதானே? உன் குரல் எனக்குத் தெரியும்" என்றாள். பெயர் ட்வைலாவாம். போன வசந்தத்தில் அதே அட்டை வைத்திருக்கும் அவள் மகளுக்குப் பல் வலியில் கன்னம் வீங்கி எங்களைக் கூப்பிட்டிருக்கிறாள். மூன்று தடவையும் 'எடுக்கலைங்க'.
எனக்கு நினைவே இல்லை. ஒரு துளிகூட.
அப்புறம் எங்கே காட்டினீர்கள் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.
"எங்கயும் இல்ல. கராஜ்ல வச்சு எங்கண்ணன் குறட்டால பல்லைப் பிடுங்கினான். நான் அவ தலையைப் பிடிச்சுக்கிட்டேன். அவளுக்கு ஒன்பது வயசு."
போனை வைத்துவிடுவாள் என்றே நினைத்தேன். "உன் புருஷன் பேரை எழுத்து எழுத்தா சொல்லு," என்றாள். "செவ்வாய்க்கிழமை எட்டரைக்கு ஒருத்தர் வரலைன்னுட்டார். டாக்டர்கிட்ட நான் சொல்லிக்கிறேன்."

அக்டோபர் 29
கேமரா விட்டுப் பார்த்தார்கள். மூத்திரப்பையில் கட்டி. புற்று. அந்த வார்த்தைக்கு அப்புறம் டாக்டர் சொன்னது எதுவும் காதில் விழவில்லை. எஸ்டில் தொப்பியைச் சுருட்டிக்கொண்டே இருந்தான். ட்வைலா என்னைப் பார்த்தாள், நான்தான் பார்க்கவில்லை.

நவம்பர் 15
கட்டியை எடுத்துவிட்டார்கள். சதைக்குள் இறங்கவில்லையாம். "பதினோரு வாரம் காத்திருந்தா வேற கதை" என்றார் டாக்டர். மான் சீசன் முழுக்க எஸ்டிலுக்கு ஜன்னலோரம்தான். டியூபோடு உட்கார்ந்து என்னைத் திட்டுகிறான். திட்டட்டும்.

ஜனவரி 6, திங்கள்
படிவம் வந்தது. டாக்டர் கட்லிப், "எப்பவும் போல" என்றார்.
"எப்பவும் போல முடியாது டாக்டர். டிக் போட்டா ஆள் எடுக்கணும். இல்லைன்னா நான் போடல."
முறைத்தார். நானும் நகரவில்லை. கடைசியில், "வாரத்துக்கு ஒருத்தர். அதுக்கு மேல கேட்காதே" என்றார். டிக் போட்டேன்.
முதலில் ட்வைலாவைக் கூப்பிட்டேன். வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குப் பெண்ணைக் கூட்டி வருகிறாயா என்றேன்.
"அந்தப் பல்லுதான் போயிருச்சே."
"மத்த பல்லு இருக்குல்ல."
அவள் ஆபீஸில் வேறொரு போன் அடித்து ஓய்ந்தது.
"ஸ்கூல் மூணேகாலுக்குத்தான் விடும்" என்றாள்.
நாலு மணி என்று எழுதிக்கொண்டேன்.