சோப்புத்தூள் போட்ட பாட்டில்

கோயம்புத்தூர்,
12.7.1997

அன்புள்ள அம்மாவுக்கு,

ஃபெமினா வணக்கத்துடன் எழுதுவது. மாதா தயவில் நான் சுகம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அப்பா கடலுக்குப் போகிறாரா?

இங்கே நடந்ததைக் கேட்டால் சிரிப்பீர்கள். ஊர்ச் சாக்கடையைச் சுத்தம் செய்துதான் குளத்தில் விட வேண்டும் என்பது சட்டம். அந்தத் தண்ணீரை மாதாமாதம் சோதிப்பது என் வேலை. போன மாதம் தண்ணீர் பிடிக்கும் பாட்டில்களை நீங்கள் பழக்கியபடி சோப்புத்தூள் போட்டுத் தேய்த்துவிட்டேன். சோப்பிலிருந்த பாஸ்பேட் தண்ணீரில் கலந்து, அளவு எகிறிவிட்டது. எல்லோரும் சிரித்தார்கள்.

இந்த மாதம் சோப்பைத் தொடவே இல்லை. அப்படியும் அதே அளவுதான் வந்தது. அப்படியென்றால் சாக்கடை சுத்தமாகாமலேதான் குளத்துக்குப் போகிறது. பாஸ்பேட் கூடினால் பாசி பெருகும். குளம் பச்சைப் பெயிண்ட் கொட்டியதுபோல் கிடக்கிறது, கரையோரம் மீன் செத்து மிதக்கிறது. மேலதிகாரியிடம் காட்டினேன்.

"ஏனுங் அம்மணி, மறுபடியும் சோப்புப் போட்டுக் கழுவிப்போட்டீங்களாட்ட இருக்குதுங்க. பாட்டில் சரியில்லைன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுருங்க" என்றார். இங்கே மிரட்டுவதுகூட மரியாதையாகத்தான். போட்டுவிட்டேன். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் கொஞ்சம் நெத்திலிக் கருவாடு கொடுத்துவிடுங்கள். சீக்கிரம் பதில் போடுங்கள். தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது.

கன்னியாஸ்திரீகள் நடத்தும் விடுதி, வெள்ளிக்கிழமை கறி கிடையாது, மீன்தான். அந்தக் குளத்து மீன். வயிறு சரியில்லை என்று நான் மோர் ஊற்றிக்கொள்கிறேன். மற்ற பெண்கள் சாப்பிடுகிறார்கள். நான் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை.

உங்கள் மகள்,
ஃபெமினா