நீராவிக் காரும் இரண்டு மாமன்மாரும்

மே 1, 2016
தங்கையின் மகள், என் மருமகள் சுபாங்கி பெரியபிள்ளையாகிவிட்டாள். அடுத்த மாதம் விழா. முதல் தண்ணீர் வார்க்கவேண்டியது மூத்த மாமன், அதாவது நான். நானும் லவனும் இரட்டையர், அவன் சற்று முன்னால் பிறந்தவன்தான். ஆனால் மினிபஸ்ஸில் முதலில் ஏறுகிறவன்தானே கடைசியில் இறங்குவான்? இதை மூத்த மருமகளின் விழாவில் சொல்லப்போய், இரண்டு செம்பும் முட்டி, அன்றோடு பேச்சு நின்றது.

தங்கை சிவாஜினி இன்று என் போட்டோ ஸ்டூடியோவுக்கே வந்துவிட்டாள். "குசன் அண்ணை, ரெண்டு பேரும் ஒண்டா வந்து தண்ணி வாக்கோணும். இல்லாட்டி ஒருத்தரும் வரவேண்டாம்."

மே 8
சுபாங்கியை மண்டபத்துக்கு ஏற்றிவர லவன் புறநகர் ஓல்னே-சூ-புவாவில் குதிரை வண்டி பேசுகிறானாம். விடுவேனா? பழைய படங்களைப் பிரதியெடுக்க வரும் பிரெஞ்சுக்காரர் அந்துவானிடம் 1911ஆம் ஆண்டு ஸ்டான்லி இருக்கிறது. அமெரிக்கக் கார், நீராவியில் ஓடும். விழாவுக்குக் கொண்டுவரச் சம்மதித்தார். படிக்கப் புத்தகமும் தந்தார்.

மே 15
அந்தக் காரைச் செய்தவர்களும் இரட்டையர்! முன்பு போட்டோத் தகடு விற்றவர்கள் — நம்ம தொழில். ஒரே தாடி, ஒரே உடுப்பு. அந்தக் காலத்து வண்டி தண்ணீரை அப்படிக் குடிக்குமாம். வழியில் குதிரைகள் நீர் குடிக்கும் தொட்டி கண்டால் நிறுத்தி நிரப்புவார்களாம்.

மே 22
1918இல் ஒருவர் கார் விபத்தில் போய்விட்டார். மற்றவர் 1940 வரை இருந்தார்.
புத்தகத்தை மூடிவிட்டேன். லவனும் வானை வேகமாகத்தான் ஓட்டுவான்.

ஜூன் 12
ரூ து ஃபொபூர் சேன்-தெனி தெரு முழுக்க வெள்ளைப் புகை. கடைக்காரர் எல்லாரும் வாசலில். அந்துவான் ஓட்ட, பின் இருக்கையில் சுபாங்கி, அரசி மாதிரி. கார் து நோர் ரயில் நிலையத்தருகே வண்டி நின்றது. தண்ணீர் இல்லை. நிரப்பும்படி அந்துவான் காலையிலேயே சொல்லியிருந்தார். நாலு சக்கரத்துக்கும் தேசிக்காய் வைத்த எனக்கு, தாங்கிக்குத் தண்ணீர் விட நினைவில்லை.

பின்னால் ஒரு வான். குதிரை வண்டியைக் காணோம். லவன் இறங்கினான், கையில் அறுகம்புல் போட்ட விழாக் குடம்.
"உது வழியிலை நிக்குமெண்டு தெரியும். அதுதான் பின்னாலையே வந்தனான்."
சுத்தமான தண்ணீரா என்று அந்துவான் கேட்டார்.
"ஐயர் மந்திரம் சொன்ன தண்ணி" என்றான் லவன். நான் பிரெஞ்சில் "ஓம், சுத்தம்" என்றேன்.

புல்லை எடுத்துவிட்டு, குடத்தை இருவருமாகத் தூக்கி ஊற்றினோம். யார் முதல் என்று ஒருவரும் கேட்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. கண்ணில் நீராவி பட்டது என்றேன். அவனும் அதையே சொன்னான்.

மண்டபத்தில் அதே குடத்தில் குழாய்த் தண்ணீர் பிடித்து, ஒன்றாகவே பிள்ளைக்கு வார்த்தோம்.

ஜூலை 3
சுபாங்கி காரிலிருந்து இறங்கிக் கைபேசியில் எடுத்த படம்தான் ஆல்பத்தின் முதல் பக்கமாம். இரண்டு வேட்டி முதுகுகள் குனிந்து காருக்கு முதல் தண்ணீர் வார்க்கின்றன. எது நான் என்று எனக்கே தெரியவில்லை. லவனுக்கு அனுப்பிக் கேட்டேன்.
"மினிபஸ்ஸாலை கடைசியா இறங்கின மூத்தவர் இடப்பக்கம்" என்று எழுதியிருந்தான்.
நெஞ்சு குளிர்ந்து படத்தைத் திரும்பப் பார்த்தேன். இடப்பக்கத்தவனுக்கு வேட்டி பாதி அவிழ்ந்திருக்கிறது.