ஒரே இடத்தில் விழுந்த முத்திரை

மே 19

மழை. கடையில் ஈ காக்கை இல்லை. தபாலில் சக வியாபாரி ஹிராய்வாவின் விற்பனைப் பட்டியல் வந்தது. அட்டையிலேயே படம்: ‘ஏழுவால் காகம்’, 1928, முதல் பதிப்பு. புத்தகக் கடைகளே நிறைந்த இந்த ஜிம்போச்சோவில் பழைய குழந்தைப் புத்தகம் விற்கிற நாங்கள் நாலைந்து பேர். எவரும் அதைக் கண்ணால் கண்டதில்லை. இந்த மனிதருக்கு மட்டும் எங்கிருந்துதான் வந்து விழுகிறதோ. வயிறு எரிகிறது. எழுதிவிட்டாலாவது ஆறுமா? ஆறவில்லை.

மே 20

பட்டியலில் கடைசிப் பக்கத்தின் படமும் இருக்கிறது. பதிப்பு விவரத்துக்குக் கீழே ஆசிரியரின் சிவப்பு முத்திரை.

அந்தக் காலத்தில் ஒவ்வொரு பிரதியிலும் எழுதியவரே உட்கார்ந்து கையால் குத்துவார். கையால் குத்தியது இரண்டு பிரதிகளில் ஒரே இடத்தில் விழாது. 1971இல் இதற்கு நகல் பதிப்பு போட்டவர்கள் ஒரு பழைய பிரதியைப் படம் பிடித்து, தேதி, விலை, முத்திரை எல்லாவற்றையும் அப்படியே அச்சடித்துவிட்டார்கள். ஆகவே நகல் ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். முத்திரை விலகியிருந்தால் அசல், ஒத்துப்போனால் நகல். அதற்குமேல் எங்களில் யாரும் பார்ப்பதில்லை.

வாசலில் மலிவுப் பெட்டியில் கிடந்த என் நகலை எடுத்து வந்து படத்தோடு வைத்துப் பார்த்தேன். அதே சாய்வு. வலது மூலை அதே கோட்டைத் தொடுகிறது. மயிரிழை விலகவில்லை.

கதவைச் சாத்திவிட்டுச் சிரித்தேன்.

மே 21

சொல்லிவிடலாமா? ஒரு போன் போதும். மனிதர் அடுத்த மாதக் கண்காட்சியில் அதை அருங்காட்சியகத்துக்கு விற்கப் போகிறார்.

பதினோரு வருடம் முன்னால், வியாபாரிகள் ஏலத்தில், நான் முதல் பதிப்பு என்று வைத்த புத்தகத்தைத் தூக்கிப் பிடித்து இதே ஹிராய்வா கேட்டார் — “முராகி-சான், இத உங்க சமையக்கட்டுல அச்சடிச்சீங்களா? மை இன்னும் காயலையே!” முப்பது பேர் சிரித்தார்கள். எதிர்க்கடை சேகி இன்றைக்கும் என்னைச் ‘சமையக்கட்டு அச்சகம்’ என்றுதான் கூப்பிடுகிறான்.

போன் செய்யவில்லை.

ஜூன் 6

பல்பொருள் அங்காடியின் எட்டாவது மாடியில் கண்காட்சி. அருங்காட்சியகத்திலிருந்து மூன்று பேர். அவர்கள் வரும்வரை காத்திருந்தேன். ஹிராய்வா புதுக் கோட்டு போட்டிருந்தார். கண்ணாடிப் பேழைக்குள் புத்தகம், கடைசிப் பக்கம் விரித்தபடி. முத்திரைக்குக் கீழே, பின்னட்டை வரை புழு தின்ற ஓட்டை. அதன் வழியே அடியில் விரித்த பச்சைத் துணி எள்ளளவு தெரிந்தது. நகலுக்கு வெல்வெட்டு மெத்தை!

“வாழ்த்துகள், ஹிராய்வா-சான். எங்கிட்டயும் ஒரு முதல் பதிப்பு இருக்கு. முந்நூறு யென்தான்” என்று என் பிரதியை விரித்துக் கண்ணாடிமேல் வைத்தேன்.

எல்லாரும் குனிந்தார்கள். முதலில் வாயைத் திறந்தது சேகிதான். “அடேயப்பா! முத்திரைய விடுங்க, புழுகூட ஒரே எடத்துல கடிச்சிருக்கு!”

ஹிராய்வா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார். “தொட்டுப் பாத்தேனே... காகிதம் பழசாத்தானே இருந்துச்சு...”

“போன வருஷம் கண்ணுக்கு ஆபரேஷன் பண்ணிக்கிட்டீங்க. விரலுக்கும் ஒண்ணு பண்ணிக்கணும்போல” என்றேன்.

சிரித்தார்கள். இந்த முறை முப்பதுக்கு மேல். ஹிராய்வா அருங்காட்சியகத்தாருக்கு இடுப்பு வளைய வணங்கினார்; வெகுநேரம் நிமிரவே இல்லை. அப்புறம் அவர் கையாலேயே புத்தகத்தை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு போனார்.

மதியம் எனக்கு நானே விருந்து: விலாங்கு மீன் சோறு. பெரிய பெட்டி.

ஜூன் 7

நன்றாகத் தூங்கினேன்.

ஜூன் 20

வியாபாரிகள் சங்கத்தின் மதிப்பீட்டுக் குழுவிலிருந்து ஹிராய்வா விலகிவிட்டார். இனி பட்டியலே போடுவதில்லையாம். சேகி அவருக்குப் ‘புழு’ என்று பெயர் வைத்திருக்கிறான். என் பெயரை விட எடுப்பாக இருக்கிறது.

ஜூலை 2

என் நகலை மறுபடி பெட்டியில் போடுமுன் தூசி தட்டினேன். கடைசிப் பக்கத்தில் விரல் ஓடியது. வழவழப்பாக.

ஓட்டை இல்லை. என் பிரதியில் இருப்பது ஓட்டையின் படம். கறுப்புப் புள்ளி, அவ்வளவுதான்.

அவருடையதில் பச்சைத் துணி தெரிந்தது. என் கண்ணாலேயே பார்த்தேன். மேலே எழுதியும் வைத்திருக்கிறேன்.

1971இல் படம் பிடிக்க யாரோ தம்முடைய பிரதியைக் கொடுத்திருப்பார்கள் இல்லையா? அந்தப் பிரதி எங்கேயோ இருந்துதானே ஆகணும்? அது ஒண்ணுதான் நகலோட மயிரிழை பிசகாம ஒத்துப்போகும் — முத்திரையும், புழுவும். ஐயோ. நான் வெச்ச சாட்சியே அது அசல்னு சொல்லுற சாட்சி. நகல்களுக்கெல்லாம் தாய் அது.

ஜூலை 3

தெருவில் அவரைப் பார்த்தேன். போகிறபோக்கில் கேட்பதுபோல, “அந்தக் காகம் என்ன ஆச்சு?” என்றேன்.

“பேத்தி போற பாலர் பள்ளிக்குக் குடுத்துட்டேன். கொழந்தைங்களுக்கு நகலென்ன, அசலென்ன!” சிரிக்கப் பார்த்தார். வரவில்லை.

ஜூலை 4

சொன்னால்? முப்பது பேர் மறுபடியும் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். சாகும்வரை ‘சமையக்கட்டு’.

வேறு வழி இருக்கிறது. பத்துப் புதுப் புத்தகம் வாங்கிக்கொண்டு பாலர் பள்ளிக்குப் போவது. தானம். பதிலுக்கு அந்தப் பழசை வாங்கிக்கொள்வது. அவருக்குத் தெரியவே வேண்டாம். காகம் என் அலமாரியில் இருக்கும். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

மழை விடட்டும்.

ஜூலை 8

மழை விட்டது. போனேன்.

ஆசிரியை சின்னப் பெண். பத்துப் புத்தகத்துக்கும் தனித்தனியாக நன்றி சொன்னாள். காகத்தைக் கேட்டேன்.

“அதுவா? நேத்து தனபாதா பண்டிகையாச்சே! ஆசையெழுதி மூங்கில்ல கட்டுற சீட்டுக்கு அதத்தான் வெட்டினோம். காகிதம் அவ்ளோ மெத்துன்னு! கிழிச்சாலும் பரவால்லன்னு ஹிராய்வா தாத்தாவே சொன்னாரு.”

“கடைசிப் பக்கம்?”

“செவப்பா பூ மாதிரி ஒண்ணு இருந்துச்சே, அந்தச் சீட்டுக்குத்தான் ஒரே அடிதடி. அவரோட பேத்திக்கே குடுத்துட்டேன். ‘தாத்தாவுக்குக் கண்ணு நல்லாத் தெரியணும்’னு எழுதினா. மூங்கில் காலையில குப்பை வண்டியில போயிடுச்சு.”

தேநீர் கொடுத்தாள். குடித்தேன்.

ஆகஸ்ட் 30

ஹிராய்வா ஒரு பெட்டி பீச் பழத்தோடு கடைக்கு வந்தார். குனிந்து வணங்கினார்.

“அன்னிக்குக் கோவம்தான் வந்துச்சு. யோசிச்சுப் பாத்தா, நீங்க இல்லேன்னா அருங்காட்சியகத்துக்கே நகல வித்திருப்பேன். செத்த பெறகும் பேர் நாறியிருக்கும். ஒங்க கண்ணுதான் கண்ணு, முராகி-சான்.”

பிறகு பையிலிருந்து மூன்று புத்தகங்களை எடுத்து என் முன்னால் வைத்தார். விற்குமுன் நான் ஒருமுறை பார்த்துச் சொல்ல வேண்டுமாம். தன் கண்ணை இனி நம்புவதில்லையாம்.

பார்த்தேன். ஓரங்களை விரலால் தடவினேன். “மூணும் அசல்” என்றேன்.

“நல்லாப் பாத்துட்டீங்களா?”

“பாத்துட்டேன்.”

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. மாதம் ஒருமுறை இப்படி வரட்டுமா என்று கேட்டார். வாருங்கள் என்றேன்.