நாலாவது ஆள்

ஏப்ரல் 24, வியாழன்

பத்ரியோடு போனில் சண்டை. புருஷன் புனேவுக்கு வேலை மாற்றிக்கொண்டு போனதிலிருந்து வாரத்துக்கு ஒன்று நடக்கிறது. விஷயமும் அதேதான். நான் சிறுசேரி வேலையை விட வேண்டும். சேலையூர் ஃபிளாட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, நிகிலையும் மிருதுளாவையும் கூட்டிக்கொண்டு கும்பகோணத்தில் அவன் அம்மாவோடு போய் இருக்க வேண்டும். ஜூனிலிருந்து அங்கேயே பள்ளிக்கூடம். எட்டு வயதுப் பையனையும் நாலு வயதுப் பெண்ணையும் என்னால் "தனியா மேனேஜ் பண்ண முடியாது". இத்தனை நாளாக யார் மேனேஜ் பண்ணினார்களாம்? பக்கத்து ஃபிளாட் நாயா?

லீவுக்கு நாகர்கோவில் போய் அம்மாவைப் பார்க்கப் போகிறேன் என்றேன். ரயிலில் எல்லா நாளும் வெயிட்டிங் லிஸ்ட். அதனால் காரில். சிரித்தான்.

"ரெண்டு குழந்தைகளையும் வெச்சுண்டு ஒண்டியா நாகர்கோவில் வரைக்கும் ஓட்டிடு. அப்புறம் கும்பகோணம்ங்கற பேச்சையே எடுக்க மாட்டேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

அந்தச் சிரிப்பு மட்டும் இல்லாதிருந்தால் ஒருவேளை விட்டிருப்பேன்.

ஏப்ரல் 27, ஞாயிறு

அபிப்பிராயம் சொல்லாத ஆளே இல்லை. கீழ்வீட்டு டெனிஸ் அங்கிள், "நடுரோட்ல பஞ்சர் ஆனா என்ன பண்ணுவீங்க?" என்கிறார். மாற்றுவேன். போன மாதம் அவர் வண்டி பஞ்சரானபோது ஆள் வந்து மாற்றிவிட்டுப் போனதை பால்கனியில் நின்று பார்த்தவள்தானே நான்.

கேம்ப் ரோடு மெக்கானிக் கிபாயத்துல்லா பாய் மட்டும் கொஞ்சம் நியாயமாகப் பேசினார். பிரேக், டயர், கூலன்ட் எல்லாம் பார்த்தார். "வண்டி சூப்பரா கீதுக்கா. பசங்க ரெண்டும் பின்னால அடிச்சிகினு வந்தாதான் உனக்கு பேஜாரு." அதுதான் உண்மையான ஆபத்து. வேறு யாருக்கும் அது தோன்றவில்லை.

ஏப்ரல் 30, புதன்

மாமியார் கும்பகோணத்திலிருந்து வந்து இறங்கிவிட்டார். கூடவே அவர் தம்பி யக்ஞநாராயணன் மாமா. ஒத்தாசைக்காம். யாருக்கு என்று கேட்கவில்லை.

மே 2, வெள்ளி

நாளைக்குக் கிளம்புகிறோம். இன்றைக்குத்தான் குண்டு போட்டார் மாமியார்.

"மூணு பேரா ஒரு காரியத்துக்குக் கிளம்பப்படாது. விளங்காது. யக்ஞு கூட வரட்டும், நாலாயிடும்."

யக்ஞு ஏற்கெனவே பையை அடுக்கி ஹாலில் வைத்திருக்கிறார். மனுஷருக்கு சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. நேற்று காய்கறி வாங்க ராஜகீழ்ப்பாக்கம் வரை கூட்டிப்போனேன். கியரை மாத்து, ஹார்னை அடி, லாரி வரான் பார் — வாய் மூடவில்லை. அதுகூடப் பரவாயில்லை, காதைப் பொத்திக்கொள்ளலாம். ஆனால் அவர் வந்தால் நான் "ஒண்டியா" ஓட்டியதாக ஆகுமா? மாமா இருந்தார், அதனால்தான் போய்ச் சேர்ந்தாய் என்பான் பத்ரி. நான் ஜூனில் கும்பகோணத்தில் இருப்பேன். இது சாஸ்திரமா, சதியா? அக்காவும் தம்பியும் பத்ரியும் பேசி வைத்துக்கொண்டதுதான் என்று அடித்துச் சொல்வேன்.

அப்போது நிகில் டிவியிலிருந்து திரும்பாமலே சொன்னான். "பாட்டி, போன வருஷம் யாருக்கோ பொண்ணு பார்க்கப் போறச்சே நீ ஒரு கல்லைப் பையில போட்டுண்டியே. அதுதான் நாலாவது ஆள்னு சொன்னியே."

மாமியார் முகத்தைப் பார்க்க வேண்டுமே. "அது பக்கத்தூருக்குடா" என்றார்.

"தூரமெல்லாம் கல்லுக்குத் தெரியுமாம்மா?" என்றேன்.

அவர் வைத்த விதி, அவரே மீற முடியாது. என் வயிற்றில் ஒரு டம்ளர் மோர் இறங்கியது போல இருந்தது.

மே 3, சனி. மதுரை

ஹோட்டல் அறை. குழந்தைகள் கட்டிலில் குதிக்கிறார்கள், குதிக்கட்டும். கோபம் இன்னும் ஆறவில்லை. எழுதாவிட்டால் யாரையாவது அடித்துவிடுவேன்.

காலையில் நிகில் அபார்ட்மென்ட் தோட்டத்திலிருந்து ஒரு கல்லைக் கொண்டுவந்து கழுவினான். மிருதுளா அதற்குக் குங்குமம் வைத்தாள். முன் சீட்டில் உட்காரவைத்து பெல்ட்டும் போட்டாயிற்று. கேட் அருகே பையோடு நின்ற மாமா, "அஞ்சு பேராப் போனாலும் தோஷமில்லை" என்றார். "இடமில்லை மாமா" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். கண்ணாடியில் பார்த்தேன், உடனே போனைக் காதில் வைத்துக்கொண்டிருந்தார்.

சிங்கப்பெருமாள் கோவில் தாண்டுவதற்குள்ளேயே மிருதுளா, "நாகர்கோவில் வந்தாச்சா?" என்று கேட்டுவிட்டாள். அது போகட்டும். கார் என் பெயரில், கடன் கட்டுவது நான். ஆனால் டோல் ஸ்டிக்கரை வாங்கியவன் பத்ரி என்பதால் ஒவ்வொரு டோல்கேட் தாண்டும்போதும் மெசேஜ் அவன் போனுக்குப் போகிறது. முதல் டோலில் கூப்பிட்டான், ஏன் இவ்வளவு ஸ்லோ என்றான். அடுத்ததில் கூப்பிட்டான், ஏன் இவ்வளவு ஃபாஸ்ட் என்றான். விழுப்புரம் தாண்டியதும் போனை சைலன்ட்டில் போட்டுக் கைப்பைக்குள் தள்ளினேன்.

திருச்சி தாண்டி மிருதுளா வாந்தி எடுத்தாள். ஒரு புளியமரத்தடியில் நிறுத்தி, சட்டை மாற்றி, சீட்டைத் துடைத்தேன். அவள் என் மடியிலேயே தூங்கிப்போனாள். எழுப்ப மனசில்லை. நிகில் எறும்பு பார்த்துக்கொண்டிருந்தான். வெயில் இறங்கும் வரைக்கும் அங்கேயே இருந்தோம். இந்தப் பிரயாணத்தில் நான் நிம்மதியாக இருந்தது அப்போது மட்டும்தான்.

மதுரைக்கு முந்தின டோலில் போலீஸ் கை காட்டி ஓரங்கட்டச் சொன்னது. பெண் போலீஸ், சட்டையில் ஜெயக்கொடி என்று பெயர்.

"விஷ்ணுப்ரியா நீங்கதானா? வீட்ல கோவிச்சுக்கிட்டு பிள்ளைகளத் தூக்கிட்டு வந்துட்டீகளாமே. உங்க வீட்டுக்காரரு போன் மேல போன் போடுறாரு."

எனக்கு முதலில் புரியவே இல்லை. கோவிச்சுக்கிட்டா? நானா? பைக்குள்ளிருந்து போனை எடுத்தேன், திரை முழுக்க அவன் கூப்பிட்ட கால்கள். அந்த அம்மா தன் போனில் அவனைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார். பத்ரி நிதானமாகச் சொல்கிறான், "மேடம், வண்டியை அங்கேயே நிறுத்தி வெச்சுடுங்கோ. மதுரைல என் ஃபிரண்ட் இருக்கான், அவன் வந்து ஓட்டிண்டு போவான்."

குழந்தைகள் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்கவில்லை. வண்டியை நிறுத்து. வேறொருத்தன் ஓட்டட்டும். அவ்வளவுதான்.

"வண்டி யார் பேர்ல?" என்று கேட்டார் ஜெயக்கொடி.

"என் பேர்ல."

"லைசென்சு?"

"என் பேர்லதான். பிள்ளைகளும் என் பேர்லதான், வேணும்னா அவங்களையே கேளுங்க."

அவருக்கு அது பிடிக்கவில்லை. குனிந்து காருக்குள் பார்த்தார். "எத்தன பேரு?"

"நாலு பேர்" என்றான் நிகில்.

"நாலாவது ஆள் எங்க?"

முன் சீட்டைக் காட்டினான். பெல்ட் போட்ட கல்லை ஜெயக்கொடி கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு போனிடம், "ஏன் சார், கோவிச்சுக்கிட்டு ஓடுறவ மூணு பேரா போகக்கூடாதுன்னு கல்லு வச்சு, பொட்டு வச்சு, நல்லபடியா போய்ச் சேரணும்னு கிளம்புவாளா? எங்க ஆத்தாளும் இதத்தான் செய்யும்" என்றார். பத்ரி என்னவோ சொல்ல ஆரம்பித்தான். அவர் வைத்துவிட்டார்.

என் அம்மாவுக்கு என்னையே போன் பண்ணவைத்து ஒருமுறை உறுதி செய்துகொண்டார். "இருட்டுறதுக்குள்ள மதுரைல தங்கிருங்க" என்று சொல்லி அனுப்பினார். போகும்போதும் சிரிக்கவில்லை. போகட்டும்.

டோல்கேட்டில் இருந்தவர்கள் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். ஓடிப்போனவளைப் பார்க்கிற பார்வை. என் குழந்தைகள் முன்னால். இதை மறக்க மாட்டேன்.

மே 4, ஞாயிறு. வடிவீஸ்வரம், அம்மா வீடு

நாகர்கோவில் வந்து சேர்ந்துவிட்டேன். அம்மா வாசலிலேயே அழுகை. நேற்று பத்ரி இங்கே எல்லாரிடமும் பேசியிருக்கிறான். "மொதல்ல மாப்பிள்ளைட்ட மன்னிப்பு கேட்டுடு" என்கிறாள் அம்மா. சொந்த அம்மா. இதற்குத்தான் இத்தனை தூரம் ஓட்டினேனா?

மே 7, புதன்

இன்றுதான் பத்ரியின் போனை எடுத்தேன்.

"பயந்துட்டேன் ப்ரியா. டோல் மெசேஜ் வரல, நீ போன் எடுக்கல. காலைலயே மாமா வேற நீ கோவிச்சுண்டு கிளம்பிட்டதாச் சொன்னார். அப்படிச் சொன்னாதான் போலீஸ் உடனே தேடும்னு தோணித்து."

பயந்தான் என்பதை நம்புகிறேன். எனக்கும் அந்தப் பயம் தெரியும். ஆனால் என் பெண்டாட்டியைக் காணோம், குழந்தைகளைக் காணோம் என்று சொல்லியிருக்கலாமே. விபத்தாக இருக்குமோ என்று கேட்டிருக்கலாமே. பயம் வந்த நேரத்தில் அவன் வாயில் வந்தது, இவள் ஓடிவிட்டாள் என்பதுதான். அப்படியென்றால் அது அங்கேயே, நாக்கு நுனியில், எத்தனை நாளாக உட்கார்ந்திருந்தது? சரி, நான் கிடைத்த பிறகு? அப்போது என்ன பயம்? அப்போதும் வண்டியை நிறுத்து என்றுதானே சொன்னான்.

"சரி, நீ ஜெயிச்சுட்டே" என்றான். "சேலையூர்லயே இரு. கும்பகோணம் பேச்சை விட்டாச்சு."

ஜெயித்த சந்தோஷம் வரும் என்று காத்திருந்தேன். மத்தியானம் வரைக்கும் வரவில்லை. அவனைப் பிடிக்கவில்லை. எழுதிவிட்டேன், அந்த வரியை அடிக்கப்போவதில்லை.

மே 12, திங்கள்

சேலையூர். திரும்பி வந்துவிட்டோம். வழியில் யாரும் நிறுத்தவில்லை.

மே 20, செவ்வாய்

மாமியார் கும்பகோணத்திலிருந்து போன். நான் மாமாவை வாசலில் நிறுத்தி அவமானப்படுத்திவிட்டேனாம். ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்வது?

ஜூன் 2, திங்கள்

பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. நிகில் பழைய ஸ்கூலிலேயே நாலாம் வகுப்பு. மிருதுளா எல்.கே.ஜி. காலையில் வீடே போர்க்களம், ஒரு சாக்ஸைக் காணோம், டப்பா மூடி ஒன்றுக்கொன்று சேரவில்லை. அந்த நேரம் பார்த்து பத்ரி கூப்பிட்டான்.

அவன் கம்பெனி சிறுசேரியில் ஆபீஸ் திறக்கிறதாம். அடுத்த மாதமே இங்கே மாற்றிக்கொள்ளலாமாம். முன்பெல்லாம் டிக்கெட் போட்டுவிட்டுத்தான் சொல்வான், இந்தத் தேதிக்கு வரேன், ஸ்டேஷனுக்கு வந்துடு என்று. இன்றைக்குக் கொஞ்சம் இழுத்தான்.

"வந்துடட்டுமா?" என்று கேட்டான்.

இத்தனை வருஷத்தில் அவன் என்னிடம் கேட்டுவிட்டு எதையும் செய்ததில்லை. போன வருஷம் இதையே கேட்டிருந்தால் அழுதிருப்பேன்.

"யோசிச்சுச் சொல்றேன்."

"இதுல யோசிக்க என்ன இருக்கு ப்ரியா?"

"இருக்கு" என்றேன். மிருதுளாவுக்குத் தலை பின்ன வேண்டியிருந்தது, போனை வைத்துவிட்டேன்.