சரோஜாவின் தம்ளர் பால்

4 ஆகஸ்ட், திங்கள். காலையிலிருந்து தூறல்.

இந்த நோட்டில் நடந்ததை நடந்தபடியே எழுதுவேன். என்னைப் பற்றிய கெட்டதையும். அப்பாகூடப் படிக்கக் கூடாது.

எங்கள் பள்ளியில் ஏழைப் பிள்ளைகள் நிதி உண்டு. ஒரு சங்கம் பணம் தருகிறது. பட்டியலில் பெயர் இருந்தால் தினம் ஒரு தம்ளர் பவுடர் பால், ஒரு பன். வருஷத்துக்கு ஒருமுறை யூனிபாரத் துணி, சிலேட்டு. ஜூனில் அந்தப் பட்டியலை எழுதியது நான். ஐந்தாம் வகுப்பில் என் கையெழுத்துதான் முத்து முத்தாக இருக்கிறதாம், பெரிய டீச்சர் சொன்னார். (இனி பெ.டீ.)

போன வருஷத்துத் தாளைப் பார்த்து எழுதினேன். எழுத்து வளைவில்தான் கவனம். சரோஜாவையும் எழுதிவிட்டேன்.

சரோஜா கோடை லீவில் டைஃபாய்டில் செத்துப்போனாள். எனக்குத் தெரியும். போய்ப் பார்த்தேன். மூக்கில் பஞ்சு.

பட்டியல் சங்கத்துக்குப் போன பிறகுதான் பெ.டீ. கவனித்தார். "போனது போச்சு. அவ தங்கச்சி கமலா ஒண்ணாங் கிளாஸ்ல சேர்ந்திருக்கா, அவ பேரு லிஸ்ட்ல இல்ல. அக்கா பேருக்கு அவ குடிக்கட்டும். அடுத்த ஜூன்ல மாத்திக்கலாம்."

பால் வேளையில் பெயர் கூப்பிடுவதும் நான். "சரோஜா." "பிரசன்ட் அக்கா." கமலாவுக்கும் அக்காவின் அதே கீச்சுக் குரல்.

5 ஆகஸ்ட், செவ்வாய். மழை இல்லை.

கணக்கில் இரண்டு தப்பு. பேனா நிப் வளைந்துவிட்டது. லைப்ரரி புத்தகம் திருப்பித் தர வேண்டும்.

பால் வரிசையில் மூன்றாம் வகுப்பு லில்லி கமலாவைக் கிள்ளினாள். "ஏ பேய், நவுரு. செத்தவளுக்கு எதுக்குடி பன்னு?" கமலா அழவில்லை. பன்னைப் பாவாடையில் மறைத்துக்கொண்டாள்.

6 ஆகஸ்ட், புதன். குளிர்.

பள்ளி கேட்டில் கமலாவின் அம்மா. பங்களா வேலைக்குப் போகிற வழி. கையில் துடைப்பம்.

"நீதான் பேரு கூப்புடுற பாப்பாவா?"

தலையாட்டினேன்.

"வூட்ல கமலான்னு கூப்ட்டா திரும்ப மாட்டேங்குறா. சரோஜான்னா ஓடியாறா. நேத்து வெளையாட்டுக்கு அப்படிக் கூப்ட்டுப் பார்த்தேன். அவங்கப்பன் சோத்த அப்படியே வெச்சிட்டு எந்திரிச்சிட்டாரு. அவ சொந்தப் பேரச் சொல்லியே கூப்புடு கண்ணு."

"பால் நின்னுடுமோ என்னமோ" என்றேன்.

கால் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "பாலும் வேணும் கண்ணு."



7 ஆகஸ்ட், வியாழன்.

கமலாவின் அம்மா கேட்டதைப் பெ.டீ.யிடம் சொன்னேன். தப்பு என்னுடையது, என்னை அடியுங்கள் என்றேன். அவர் அடிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"ஜூன்ல அந்தப் பிள்ளை எலும்பும் தோலுமா வந்துச்சு. இப்பதான் கன்னத்துல கொஞ்சம் சதை பிடிக்குது. பேரை அடிச்சா பங்கும் போயிடும். நீயே சொல்லு, அடிக்கட்டுமா?"

வேண்டாம் என்று தலையாட்டினேன்.

"சங்கத்து ஆளுங்க வர்ற அன்னிக்கு மட்டும் லிஸ்ட்ல இருக்கற பேரு. மத்த நாள்ல உன் இஷ்டம், போ."

வீடு வரை ஓடினேன். நாளையிலிருந்து கமலா. பாலும் உண்டு, பெயரும் உண்டு.

8 ஆகஸ்ட், வெள்ளி. மறுபடி தூறல்.

"கமலா" என்று கூப்பிட்டேன். பதில் இல்லை.

வரிசையில்தான் நின்றாள். சரோஜாவுக்கென்று வந்த துணியில் தைத்த பாவாடை, இடுப்பில் நாலு மடிப்பு. இன்னும் சத்தமாகக் கூப்பிட்டேன். யார் அந்தக் கமலா என்று அவளும் திரும்பிப் பின்னால் பார்த்தாள்.

பால் ஊற்றும் ஆயா, "பேகா பேகா, பால் ஆறுதும்மா" என்று கன்னடத்தில் அவசரப்படுத்தினாள்.

கிட்டே போய்க் குனிந்து, "நீதானேடி கமலா?" என்றேன்.

காதில் ரகசியமாகச் சொன்னாள். "கமலா லிஸ்ட்ல இல்லக்கா. கமலாவுக்குப் பால் கிடையாது."

எல்லாரும் என்னையே பார்த்தார்கள். என் இடத்துக்குத் திரும்பி வந்தேன்.

"சரோஜா."

"பிரசன்ட் அக்கா."

இரண்டு கையாலும் தம்ளரைப் பிடித்துக் குடித்தாள். உதட்டுக்கு மேல் வெள்ளை மீசை. என்னைப் பார்த்துச் சிரித்தாள். சரோஜாவும் இப்படித்தான்...

அம்மா விளக்கை அணைத்துவிட்டாள்.