ஒரு உடலும் இரண்டு தகப்பன்மாரும்

கும்மிடிப்பூண்டி
12.6.2007

அன்புள்ள கமர் நிஷாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். உன் முட்டிவலி தேவலையா? போனில் உன் குரலைக் கேட்டால் எனக்குப் பேச வராது, அதனால்தான் எழுதுகிறேன்.

டிஎன்ஏ சோதனைக்கு ரத்தம் கொடுக்கப் போன இடத்தில் ஊசியைப் பார்த்ததுமே மயங்கி விழுந்தேன். இவ்வளவு பெரிய தாடி வைத்து என்ன புண்ணியம்! தண்ணீர் தெளித்து எழுப்பியவர் பீகாரிலிருந்து வந்திருக்கும் சுக்தேவ். ஆலையில் உலை வெடித்த அன்று நம் பிள்ளை தமீமோடு காணாமல் போனது அவர் மகன்தான். கிடைத்ததோ ஒரே உடல், முகம் தெரியவில்லை. இன்னொரு பிள்ளை எங்காவது உயிரோடு இருக்கலாம் என்கிறார்கள். சுக்தேவுக்கு இங்கே யாருமில்லை. என் கேண்டீன் அறையிலேயே தங்கவைத்திருக்கிறேன். என் அரைகுறை இந்தியைக் கேட்டு அந்தத் துக்கத்திலும் சிரித்துவிடுகிறார்.

இன்று இருவரையும் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். சுக்தேவ் என் கையைப் பிடித்துக்கொண்டே நின்றார். ஏட்டு சொன்னார்:

"பாய், லேப்ல டிஎன்ஏவ வச்சி கணக்கு போட்டுக்கினு இருக்காங்க. வடக்கத்தி ஆளு மாதிரி கீதாம். ஆனா கரீக்டா சொல்ல முடியாதாம். உங்க ரெண்டு பேரு ரத்தத்தோட ஒத்துப் பாத்தாதான் தெரியும். இந்த ஆளுக்கும் சொல்லிடு."

என்ன சொன்னார் என்று சுக்தேவ் இந்தியில் கேட்டார்.

"இன்னும் ஒரு வாரம் ஆகுமாம்" என்றேன்.

எனக்கு ஒரு லுங்கியும், இரண்டு பேருக்கு ஆகிற அளவு எலுமிச்சை ஊறுகாயும் அனுப்பு. நீ கிளம்பி வராதே. தபால் எடுக்கிற நேரமாகிவிட்டது.

ஏட்டு வடக்கு என்றதும் அல்ஹம்துலில்லாஹ் என்று நாக்கு நுனிவரை வந்தது. சுக்தேவின் கை என் கையில் இருந்தது. விழுங்கிவிட்டேன்.

ஷாஹுல்