முப்பதாவது மணிக்கட்டு

மார்ச் 3, செவ்வாய்

எங்கள் மருத்துவமனை இதயப் பிரிவுக்குப் புது இயந்திரம் வந்துவிட்டது. பேனா போன்ற முனையை மணிக்கட்டு நாடியில் வைத்தால், இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயில் எவ்வளவு அழுத்தம் என்று கணித்துச் சொல்லும். "கையில பட்டை கட்டிப் பாக்குறது வாசல்ல நின்னு விசாரிக்கிற மாதிரி. இது உள்ளயே போய்ப் பாக்குது" என்றார் டாக்டர். நோயாளிகளைத் தொடுமுன் நான் முப்பது பேருக்கு அளந்து பழக வேண்டுமாம். வீட்டுக்கே எடுத்துப்போகலாம். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மாடியில் இருக்கும் அண்ணியிடம் ஓடிப்போய்ச் சொல்லலாம் என்று பாதிப் படி ஏறிவிட்டேன். அப்புறம்தான் நினைவு வந்தது. என் கணவரின் அக்காவான அவரோடு இரண்டு மாதமாகப் பேச்சில்லை. "இவ வேலை என்ன, கையில பட்டையைக் கட்டிக் காத்தடிக்கிறதுதானே" என்று விருந்தாளிகள் முன்னால் அவர் சொன்னதும், நான் தட்டை நகர்த்திவிட்டு எழுந்ததும் — சரி, விடு. அவர் இல்லாமல் மாலைப் பொழுது சப்பென்று இருக்கிறது. அதுதான் உண்மை.

மார்ச் 6, வெள்ளி

இருபத்திரண்டு பேர் ஆயிற்று. வாசல் காவலாளிக்கு மணிக்கட்டைத் தொட்டாலே கூச்சம். மனிதர் நெளிந்த நெளிவில் திரையில் நாடியின் அலையும் நெளிந்தது.

மார்ச் 8, ஞாயிறு

பக்கத்து வீடுகளையும் சேர்த்து இருபத்தொன்பது. "ஒரு கைதானே பாக்கி? மாடியில ஒண்ணு இருக்கே" என்றார் கணவர்.

"நீங்களே போய்க் கேளுங்க. நான் கேக்க மாட்டேன்."

அண்ணி இறங்கி வந்தார். என்னைப் பார்க்காமல் இயந்திரத்தைப் பார்த்துக் கையை நீட்டினார். அளவெடுக்கும்போது பேசக் கூடாது. எங்களுக்கு அது ஒரு கஷ்டமா?

ஆனால் நாடியைப் பூப்போல அழுத்த வேண்டும். அமுக்கினால் அலை நசுங்கிவிடும். ஐந்து முறை இயந்திரம் 'தரம் போதாது' என்று திருப்பியடித்தது.

"உன் கோவத்தை என் கையில ஏண்டி காட்டுற?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும்தான். என் விரல் தளர்ந்தது, அலை அழகாக வந்தது. எண்ணைப் பார்த்ததும் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. கையில் 134. உள்ளே 131. வழக்கமாகக் கையில் இருப்பதைவிட உள்ளே நன்றாகக் குறைந்திருக்க வேண்டாமா? பத்து வருஷமாக பிரஷர் மாத்திரை போட்டுக்கொண்டு, எல்லாம் கன்ட்ரோலில் இருக்கிறது என்று பெருமையாகச் சொல்கிறவர். மறுபடி இரண்டு முறை எடுத்தேன். அதேதான்.

சொன்னால் பழிவாங்குகிறேன் என்று நினைப்பாரோ? சொன்னேன். "உனக்கு என் மேல கோவம். மிஷினும் உன் கட்சி" என்று மேலே போய்விட்டார்.

மார்ச் 9, திங்கள்

டாக்டரிடம் காட்டினேன். "இந்த ஒரு எண்ணை வெச்சு முடிவு கட்டக் கூடாது. ஆனா சில பழைய மாத்திரைங்க கையில குறைக்கிற அளவுக்கு உள்ள குறைக்காது. அவங்க போடுறது அந்த வகை. இதயத்துக்குச் சுமை அப்படியே இருக்கலாம். கூட்டிட்டு வாங்க."

கூட்டிட்டு வரணுமாம்! அந்த மலையை யார் நகர்த்துவது?

மார்ச் 10, செவ்வாய்

மாடி ஏறினேன். கெஞ்சப் போனேனா, சண்டை போடப் போனேனா? எனக்கே தெரியாது. "என் வேலையை என்ன வேணா சொல்லிக்கோங்க அண்ணி. டாக்டரை மட்டும் வந்து பாருங்க. உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் யார்கூடச் சண்டை போடுவேன்?" பாதியிலேயே அழுகை வந்துவிட்டது, சனியன்.

அவர் ரொம்ப நேரம் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். "எத்தனை மணிக்குப் போகணும்?"

ஏப்ரல் 20, திங்கள்

புது மாத்திரை தொடங்கி ஆறு வாரம் ஆகப்போகிறது. கையில் 130. உள்ளே 118! டாக்டருக்கும் திருப்தி. நடைப்பயிற்சியை மட்டும் விடாதீர்கள் என்றார்.

அளந்து முடிந்தும் அண்ணி நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. "ஊர்ல இருக்கிறவங்களுக்கெல்லாம் பாக்குற. உனக்கு யாரு பாத்தா?"

யாரும் பார்க்கவில்லை. எனக்குத் தோன்றவே இல்லை.

"உக்காரு." முனையைப் பிடுங்கிக்கொண்டு என் மணிக்கட்டில் நாடியைத் தேட ஆரம்பித்தார். அலை வரவே இல்லை. நானும் கையை எடுக்கவில்லை.